ஊர்ச் சிலைகளைப் படமெடுத்து வைப்போம்

ஆசிரியருக்கு வணக்கம்.

விருத்தாசலம் விருத்தகிரீஸ்வரர் கோயிலிலிருந்து களவுபோன அர்த்தநாரீஸ்வரர் கற்சிலை, கடல் கடந்து சிட்னி அருங்காட்சியகம் வரை போனது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் அதை டெல்லியில் ஒப்படைத்தபோது எங்கள் மாவட்டமே பூரித்தது. கூடவே வந்த ஸ்ரீபுரந்தான் நடராஜரை அடையாளம் காட்டியது எது தெரியுமா? புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்த பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படம்! 1950களிலிருந்து ஊர் ஊராகப் போய்ப் படமெடுத்தவர்களுக்கு நாம் எவ்வளவோ கடன்பட்டிருக்கிறோம்.

சரி, படமே இல்லாத சிலைகளின் கதி? எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் எண்ணெய்ப் பிசுக்கேறிய அம்மன் சிலை ஒன்று உண்டு. இடக்கைச் சுண்டுவிரல் நுனி உடைந்திருக்கும். பார்த்ததும் எங்களுக்குத் தெரியும். ஆனால் வெளிநாட்டு நீதிமன்றத்தில் எங்கள் ஞாபகம் சாட்சியாகுமா?

எனவே அறநிலையத்துறை, ஒருகால பூஜைக் கோயில்களையும் விடாமல், ஒவ்வொரு சிலையையும் முன்னும் பின்னும் படமெடுத்து, உயரம், சிதைவுகளைக் குறித்துப் பதிவு செய்ய வேண்டும். கல்லூரி மாணவர்களைச் சேர்த்துக்கொண்டால் வேலை சீக்கிரம் முடியும். கடலூரிலிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கடலூர் மாவட்டம்