ஆடிக் காற்றில் ஓட்டிப் பாருங்கள்

ஆசிரியருக்கு,

ரசாயன, உயிரியல், அணுக்கதிர் ஆபத்துகளைக் கண்டுபிடிக்கும் ராணுவ வண்டிகளின் சென்சார்களைப் புதுப்பிப்பது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அமெரிக்காவின் ஸ்ட்ரைக்கர் வண்டி, அதோடு போகும் ட்ரோன் என்று விவரத்துக்குக் குறைவில்லை. ஆனால் வாங்கிய கருவியை எந்த மண்ணில் ஓட்டிப் பழக்குவது என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. பிஎம்பி கவச வண்டிகளோடு மல்லுக்கட்டி ஓய்வுபெற்ற ராணுவ மெக்கானிக் நான். இப்போது களக்காட்டில் வாழை விவசாயம். இரண்டு பக்கமும் தெரிந்தவன் என்பதால் எழுதுகிறேன்.

நம் ராணுவத்துக்காகப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓ உருவாக்கிய இந்த வகை வேவு வண்டியும் பிஎம்பி-2 மேல் கட்டியதுதான். உள்ளே காற்றழுத்தத்தைக் கூட்டி வைத்திருப்பதால் வெளிக்காற்று வடிகட்டி வழியாகத்தான் வரமுடியும். ஆட்களுக்குப் பாதுகாப்பு சரி, வண்டியின் மூக்கான சென்சார்தான் பிரச்சினை. ஜெர்மனியின் ஃபுக்ஸ் வண்டியில் பின்பக்கம் இரண்டு சின்ன சிலிகோன் சக்கரங்கள் இருக்கும். ஒன்று தரையைத் தொட்டு உருளும்போது இன்னொன்று மேலே தூக்கி ஆய்வுக்குழாயிடம் முகரக் கொடுக்கும். கெட்டிக்கார வேலை. ஆனால் நஞ்சு விழுந்த இடத்தில் வண்டி போய் நின்றாக வேண்டும். அகச்சிவப்புக் கதிரால் சில கிலோமீட்டர் தள்ளியே வாயு மேகத்தைப் பார்க்கும் கருவிகள் வந்த பிறகு அந்தக் கட்டாயம் குறைந்திருக்கிறது. கதிர்வீச்சு உடனே தெரிந்துவிடும். கிருமி அப்படி இல்லை. காற்றில் மிதக்கும் துகளைப் பார்த்துக் கருவி சந்தேகத்தை மட்டும் சொல்லும், மாதிரி எடுத்துச் சோதித்தால்தான் உறுதியாகும்.

இனிமேல்தான் விஷயம். 1991 வளைகுடாப் போரில் ரசாயன அலாரங்கள் புழுதிக்கும் டீசல் புகைக்கும் திரும்பத் திரும்பக் கத்தின. சும்மா சும்மா கத்துகிற அலாரத்தைப் பத்தாவது தடவை யார் மதிப்பார்கள்? ஒயரைப் பிடுங்கி விடுவார்கள். படையில் இருந்தவர்களுக்கு இது தெரியும்.

எங்கள் பக்கம் வண்டி வந்தால் கத்துவதற்குக் காரணம் நிறையவே இருக்கிறது. வாழைத்தண்டில் கூன்வண்டுக்குக் குளோர்பைரிபாஸ் பூச்சிமருந்து அடித்துவிட்டுக் கைத்தெளிப்பானைக் கழுவிக் கவிழ்த்த பிறகும், சட்டையைத் துவைத்துக் காயப்போட்ட பிறகும் அந்த வாடை போகாது. அதில் பாஸ்பரஸ், கந்தகம் இரண்டும் உண்டு. சுடரில் எரித்து இந்த இரண்டையும் தேடுகிற கருவிக்கு, பிசானப் பருவ நெல்வயலில் மருந்தடிக்கிறவனும் நரம்பு நச்சு என்ற போர் விஷத்தைத் தூவுகிறவனும் ஒன்றுதான். கருவி மேல் குற்றமில்லை, இரண்டும் ஒரே குடும்பம். 1936-இல் ஜெர்மனியின் கெர்ஹார்ட் ஷ்ராடர் பூச்சிமருந்து தேடப்போன இடத்தில்தான் டாபுன் என்ற முதல் நரம்பு நச்சு கிடைத்தது.

அப்புறம் மணல். மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்ற தாது இருக்கிறது, அதில் இயற்கையாகவே கதிர்வீசும் தோரியம். எங்கள் ராதாபுரம் கடற்கரையிலும் தாது மணல் உண்டு. கதிர்வீச்சின் அளவை மட்டும் காட்டுகிற கைகர் கருவியோடு இந்தக் கடலோரத்தில் போனால் வீண் பீதிதான் மிஞ்சும். கதிரின் ஆற்றலைப் பிரித்துப் பார்க்கும் கருவி வேண்டும். அணு உலையிலிருந்து கசியக்கூடிய சீசியம்-137 என்றால் 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் கோடு விழும். தோரியத்தின் வழிவந்த தாலியம்-208 என்றால் 2,614-இல். கூடங்குளத்தில் 1000 மெகாவாட் உலைகள் இரண்டு ஓடுகின்றன, இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். இயற்கை மணலா, உலைக் கசிவா என்று பிரித்துச் சொல்லத் தெரியாத கருவியால் இங்கே யாருக்கும் பயனில்லை.

மகேந்திரகிரி இஸ்ரோ மையத்தில் ராக்கெட் இன்ஜின்களுக்கு நைட்ரஜன் டெட்ராக்சைடு கையாளுகிறார்கள். அது போர் ஆயுதம் இல்லை, ஆனால் மூச்சில் ஏறினால் ஆளைக் கொல்லும். போபாலில் 1984-இல் கசிந்த மெத்தில் ஐசோசயனேட்டும் ஆயுதம் இல்லையே. ஆகவே புதுக் கருவியின் நினைவகத்தில் ஆலை ரசாயனங்களும் ஏற வேண்டும்.

ராஜஸ்தான் பாலைவனச் சோதனை இருக்கட்டும். ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே காற்று பாய்ந்து வரும்போது பணகுடியிலிருந்து இட்டமொழித் தேரி வரை ஒரு வண்டியை ஓட்டட்டும். செம்மண் தூசியில் கிருமிக்காகத் துகளைப் பார்க்கும் அந்தக் கருவி என்ன சொல்கிறது என்று பார்க்கலாம். பிசானத்தில் மருந்தடிக்கிற நேரம் பார்த்து அம்பாசமுத்திரம் வயல்களுக்கு இன்னொரு முறை வரட்டும். எத்தனை முறை பொய்யாகக் கத்தியது என்ற கணக்கை, ராணுவ ரகசியம் போக மீதியையாவது, வெளியிடலாம்.

2012-இல் கூடங்குளத்துக்குப் பக்கத்து நக்கனேரியில் அணு விபத்து ஒத்திகை நடத்தினார்கள். அடுத்த ஒத்திகைக்கு இந்த வண்டியில் ஒன்றைக் கொண்டுவந்து, கதவைத் திறந்து மீட்டரை ஊர்க்காரர்களுக்குக் காட்டச் சொல்லுங்கள். ஓட்ட ஆள் இல்லை என்றால் இங்கே முன்னாள் படைவீரர்களுக்குப் பஞ்சமில்லை, நானே வருகிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் படைவீரர்,
களக்காடு, திருநெல்வேலி மாவட்டம்