முதலில் குனிந்து பார்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய மூன்று விளம்பரங்களையும் பார்த்தேன். எல்லாவற்றிலும் காரைக் கழுவி, மெழுகு தேய்த்து, வெயிலில் நிறுத்திப் படம் எடுத்திருக்கிறார்கள். அடிப்பக்கத்தை ஒருவர்கூடக் காட்டவில்லை. பிட்ஸ்பர்க்கில் பழைய கார் வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

குளிர்காலம் முழுக்க அங்கே சாலையில் உப்புக் கொட்டுவார்கள். பனி உருகி வரும் உப்புத்தண்ணீர் காரின் அடியில் போய் உட்கார்ந்து இரும்பைத் தின்னும். போகும்போது பழைய துண்டு ஒன்று எடுத்துக்கொள், விரித்துப் படுத்து செல்போன் டார்ச்சை அடித்துப் பார். கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் ராக்கர் பேனல், சக்கரங்களைத் தாங்கும் சப்ஃப்ரேம், பிரேக் ஆயில் போகும் மெல்லிய இரும்புக் குழாய் ஆகிய மூன்றும் முக்கியம். மேலாகப் பழுப்பு படிந்திருந்தால் பரவாயில்லை, அந்த ஊரில் எல்லாக் காரும் அப்படித்தான். செதில் செதிலாக உரிந்தாலோ, ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டும்போது 'டங்' என்பதற்குப் பதில் 'பொத்' என்றாலோ எழுந்து வந்துவிடு. அடியில் மட்டும் புதுசாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தால் துருவை மறைத்திருக்கிறார்களோ என்று இரண்டு மடங்கு சந்தேகப்படு. பென்சில்வேனியாவில் வருஷா வருஷம் பாதுகாப்புச் சோதனை உண்டு. காரின் தரைத்தகட்டில் ஓட்டை இருந்தால் புகை உள்ளே வரும் என்பதால் தேறியதற்கான ஸ்டிக்கர் தர மாட்டார்கள். வெல்டிங் செலவு காரின் விலையில் பாதியைத் தின்றுவிடும்.

பிட்ஸ்பர்க் இருக்கும் அலெகெனி கவுன்ட்டியில் (நம் மாவட்டம் மாதிரி) இதோடு புகைச் சோதனையும் உண்டு. இங்கே ஒரு தந்திரம் நடக்கும். 'செக் எஞ்சின்' விளக்கு எரிகிற காரை விற்பவர், நீ வரும் காலையில் ஸ்கேனர் போட்டு அந்தக் கோளாறுக் குறியீட்டை அழித்துவிடுவார். விளக்கு அணைந்திருக்கும், நீயும் நம்பிவிடுவாய். ஆனால் அழித்ததும் காரின் கம்ப்யூட்டர் தன் சுயசோதனைகளையெல்லாம் முதலிலிருந்து தொடங்கும். அவை முடிய சில நாள் ஓட்டம் வேண்டும். காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் முப்பது டாலருக்குள் கிடைக்கும்; அதை ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள துளையில் செருகி, அந்தச் சுயசோதனைகளைக் காட்டும் 'ரெடினெஸ்' பக்கத்தைத் திற. இரண்டு மூன்று வரிகள் 'இன்கம்ப்ளீட்' (முடியவில்லை) என்று வந்தால் யாரோ அண்மையில் அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். 2001க்குப் பிந்தைய மாடலுக்கு ஒன்றுக்கு மேல் முடியாமல் இருந்தால் புகைச் சோதனையில் தேறாது.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே பார்க்க வேண்டும் என்று விற்பவரிடம் முன்கூட்டிச் சொல்லிவிடு. போனதும் பானட்டில் கை வை. சூடாக இருந்தால், குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது வரும் சத்தத்தை நீ கேட்கக் கூடாது என்று நினைத்திருக்கிறார். ஆயில் மூடியின் உள்பக்கம் பால் காபி நிறத்தில் பிசுபிசுப்பு இருந்தால் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம் ஆயிலில் கலக்கிறதோ என்று சந்தேகம் வர வேண்டும். (குளிரில் குட்டிக் குட்டியாக ஓட்டிய காரிலும் கொஞ்சம் வரும். அதனால் ஆயில் குச்சியையும் இழுத்துப் பார்.) ஓட்டிப் பார்க்கச் சமதளத்தில் போகாதே, மேட்டில் ஏற்று. கியர் மாறும்போது உதறல், தயக்கம் எல்லாம் அங்கேதான் தெரியும். இவ்வளவுக்கும் பிறகு பிடித்திருந்தால், விற்பவருக்குச் சம்பந்தமில்லாத மெக்கானிக்கிடம் நூறு, நூற்றைம்பது டாலர் கொடுத்து லிஃப்டில் ஏற்றிக் காட்டு. மெக்கானிக்கிடம் போக விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் அதுவே பதில்.

டொயோட்டா கொரோலா, ஹோண்டா சிவிக், மஸ்டா 3 போன்றவை போதும். நான்கு சக்கரமும் இழுக்கும் ஆல் வீல் டிரைவ்தான் வேண்டுமென்று ஆபீஸில் சொல்வார்கள். அது கிளம்ப உதவும், நிற்க உதவாது. பனியில் நிறுத்துவது டயர்தான். முன் சக்கர இழுவைக் காருக்கு நல்ல விண்டர் டயர் நான்கு போடு. வெப்பம் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் சாதாரண ரப்பர் இறுகிப் பிடிப்பு இழக்கும், விண்டர் டயர் மெத்தென்றே இருக்கும். இரண்டு மட்டும் போட்டு மிச்சம் பிடிக்காதே, பின்பக்கம் சுழன்றுவிடும்.

பணத்துக்கு வருகிறேன். கையில் பதினைந்தாயிரம் டாலர் என்றால் பதின்மூன்றாயிரத்துக்குள் கார் தேடு. அலெகெனி கவுன்ட்டியில் விற்பனை வரி 7 சதவீதம், பதின்மூன்றாயிரத்துக்கு 910 டாலர். மிச்சத்தில் பதிவு, டயர், முதல் இன்ஷூரன்ஸ். டீலரிடம் போனால் "மாதம் எவ்வளவு கட்ட முடியும்?" என்றுதான் ஆரம்பிப்பார். பதில் சொல்லாதே. வரி, கட்டணம் எல்லாம் சேர்த்து வெளியே எடுத்துப் போகும் மொத்த விலையை ஈமெயிலில் கேள். கடன் வாங்குவதாக இருந்தால் கணக்கு இப்படி: 15,000 டாலரை 9 சதவீத வட்டியில் 36 மாதத்தில் கட்டினால் மாதம் 477, மொத்தம் சுமார் 17,170. 84 மாதம் என்றால் மாதம் 241தான், ஆனால் மொத்தம் 20,270. எட்டு வருஷக் காருக்கு ஏழு வருஷக் கடன் எதற்கு? டீலரிடம் போகும் முன் ஒரு கிரெடிட் யூனியனில் (கூட்டுறவு வங்கி மாதிரி) கடனுக்கு முன் ஒப்புதல் வாங்கிக்கொண்டால் பேரம் உன் பக்கம் திரும்பும். டயரில் நைட்ரஜன், கண்ணாடியில் எண் பொறிப்பு, பெயிண்ட் பாதுகாப்பு என்று கடைசிக் காகிதத்தில் நுழைப்பதையெல்லாம் அடித்துவிடச் சொல்.

தனியாரிடம் வாங்கினால், விற்பவர் டைட்டிலில் (காரின் உரிமைப் பத்திரம்) கையெழுத்திடுவது நோட்டரி முன்னால் நடக்க வேண்டும். அது பென்சில்வேனியா வழக்கம். 'டேக் அண்ட் டைட்டில்' என்று பலகை போட்ட கடைகளில் இருவரும் ஒன்றாகப் போய் அங்கேயே பணம் மாற்றுங்கள். "ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டேன், எடுத்துக்கொள்" என்றால் வேண்டாம். டைட்டிலில் வங்கியின் பெயர் இருந்தால் கடன் தீர்ந்த கடிதம் கேள். 'ரீபில்ட்', 'சால்வேஜ்' என்று எழுதியிருந்தால் பெரிதாகச் சேதமான கார் என்று அர்த்தம், பாதி விலை சொன்னாலும் தொடாதே. நம்பர் பிளேட் விற்பவருடையது, அவர் கழற்றிக்கொள்வார். உனக்கு வேறு தருவார்கள்.

இன்ஷூரன்ஸ் படிவத்தில் சின்னதாக ஒரு கேள்வி வரும்: 'லிமிடெட் டார்ட்டா, ஃபுல் டார்ட்டா?' விலை குறைவென்று பலர் லிமிடெட்டைத் தட்டிவிடுவார்கள். அப்படிச் செய்தால், வேறொருவர் தவறால் உனக்கு அடிபட்டாலும், காயம் மிகக் கடுமையாக இல்லாத வரை வலிக்கும் வேதனைக்கும் இழப்பீடு கேட்டு வழக்குப் போடும் உரிமையை, சில விதிவிலக்குகள் தவிர, விட்டுக்கொடுக்கிறாய். ஃபுல் எடு. சட்டப்படி குறைந்தபட்சம் 15/30/5, அதாவது ஒருவர் காயத்துக்கு 15,000, ஒரு விபத்துக்கு 30,000, பொருள் சேதத்துக்கு 5,000. இன்றைய காரின் முன்பக்கத்துக்கே ஐயாயிரம் காணாது. 100/300/100 கேள். 'காம்ப்ரிஹென்சிவ்' கட்டாயம் வை. மானில் மோதினால் பணம் தருவது அதுதான், வேறு வண்டியிலோ பொருளிலோ மோதுவதற்கான 'கொலிஷன்' அல்ல. அக்டோபர் முதல் டிசம்பர் வரை விடியலிலும் அந்தியிலும் மான் குறுக்கே வரும். ஒன்று கடந்தால் பின்னால் இன்னொன்று உண்டு. பிரேக்கை அழுத்து, ஸ்டியரிங்கை வெட்டாதே. வெட்டினால் மரமோ எதிரே வரும் லாரியோதான் மிஞ்சும்.

லைசென்ஸுக்கு எழுத்துத் தேர்வில் 18 கேள்வி, 15 சரியாக வேண்டும். ஓட்டும் தேர்வில் உன்னைத் தோற்கடிக்கப் போவது இணைப் பார்க்கிங்: 24 அடி நீளம், 8 அடி அகலம், ஒரே முயற்சி, மூன்று திருத்தத்துக்குள் நிறுத்த வேண்டும். கம்பத்தைத் தொட்டாலோ கோட்டைத் தாண்டினாலோ அன்றைக்குத் தேறாது. ஒரு காலி பார்க்கிங்கில் பிளாஸ்டிக் வாளி நான்கை வைத்துப் பழகு.

இனி ஊர். மூன்று நதி, நானூறுக்கு மேல் பாலம், நடுவில் மலை. நேர்ச்சாலை என்பதே கிடையாது. விமான நிலையத்திலிருந்து வரும்போது ஃபோர்ட் பிட் சுரங்கம் முடிந்ததும் பாலம், பாலம் முடிவதற்குள் லேன்கள் நாலா பக்கமும் பிரியும். சுரங்கத்துக்குள் லேன் மாறக் கூடாது. ஆகவே எந்த லேன் என்பதை நுழையும் முன்பே தீர்மானித்துக்கொள். தவறிவிட்டால் தவறியதுதான், குறுக்கே பாயாதே. அடுத்த பாலத்தில் திரும்பி வரலாம், பாலத்துக்கா பஞ்சம்! பார்க்வே ஈஸ்ட் என்ற விரைவுச்சாலையில் ஏறும் சில வழிகளில் ஸ்டாப் பலகை நிற்கும். நின்ற நிலையிலிருந்து ஓடும் வண்டிகளுக்குள் புக வேண்டும், அதனால் பெரிய இடைவெளி வரும்வரை காத்திரு, பின்னால் ஹாரன் அடித்தாலும். மழை பலமாகி மொனங்கஹீலா நதி ஏறினால் அதே சாலையின் நகர்ப் பகுதி மூழ்கும். ஊர்க்காரர்கள் அந்தப் பள்ளத்தை 'பாத்டப்' என்பார்கள்.

சிக்னல் பச்சையானதும் எதிரே இடது பக்கம் திரும்ப நிற்கும் முதல் கார் உனக்கு முன்னால் விருட்டென்று திரும்பிவிடும். 'பிட்ஸ்பர்க் லெஃப்ட்' என்று பேரே உண்டு. சட்டம் அல்ல, பழக்கம். நீ அதைச் செய்யாதே, ஆனால் மற்றவர் செய்வார் என்று எதிர்பார்த்து ஒரு நொடி தாமதித்துக் கிளம்பு. ஓக்லாண்ட் பகுதியில் ஃபிஃப்த் அவென்யூ ஒருவழிப் பாதை, ஆனால் பஸ்ஸுக்கு மட்டும் எதிர்த்திசையில் ஒரு லேன். திரும்பும்போது இரண்டு பக்கமும் பார். பள்ளி பஸ் சிவப்பு விளக்கைச் சிமிட்டி ஸ்டாப் பலகையை நீட்டினால், எதிர்த்திசையில் வந்தாலும் பத்தடி தள்ளி நிற்க வேண்டும். நடுவில் தடுப்புச் சுவர் இருந்தால் மட்டும் விலக்கு. போலீஸ் பிடித்தால் 250 டாலர் அபராதம், லைசென்ஸில் 5 தண்டப் புள்ளி, 60 நாள் லைசென்ஸ் நிறுத்தம். செல்போனைக் கையில் எடுப்பது 2025 ஜூன் 5 முதல் குற்றம், சிவப்பு சிக்னலில் நிற்கும்போதும்தான்.

பீச்வியூ பகுதியில் கேன்டன் அவென்யூ என்றொரு தெரு, 37 சதவீதச் சரிவு. வேடிக்கை பார்க்கக்கூட ஏறாதே. மற்ற மேடுகளில் இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் கியரை 'L' அல்லது 'B'யில் போடு ('P' அல்ல), இல்லையென்றால் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும். இறக்கத்தைப் பார்த்து நிறுத்தினால் முன் சக்கரத்தை நடைபாதை ஓரத்தை நோக்கித் திருப்பு. மேட்டைப் பார்த்து நிறுத்தினால், ஓரக்கல் இருக்கும் இடத்தில், சாலைப் பக்கம் திருப்பு. பனியை வாரிச் சுத்தம் செய்த இடத்தில் ஒரு பழைய நாற்காலி கிடந்தால் அது காலி இடம் அல்ல, வாரியவர் தனக்குப் பிடித்து வைத்த இடம். சட்டம் என்ன சொன்னாலும் நகர்த்தாதே.

முதல் குளிர் காலையில் டயர் காற்று விளக்கு எரியும். பயப்படாதே, 10 டிகிரி ஃபாரன்ஹீட் குறைந்தால் காற்றழுத்தம் 1 பிஎஸ்ஐ குறையும், கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுக்குக் காற்றடி. கண்ணாடிப் பனியில் வெந்நீர் ஊற்றாதே, விரிசல் விடும். கூரைமேல் பனியோடு கிளம்பாதே, பனி நின்ற 24 மணி நேரத்துக்குள் அகற்றுவது சட்டம். மாதம் ஒருமுறை அடிப்பக்கம் கழுவும் கார்வாஷில் விடு.

கார் கைக்கு வந்ததும் பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரர் கோயிலில் பூஜை போட வேண்டும் என்பாள் பாட்டி. போடு. ஆனால் கோயில் மேட்டில் இருக்கிறது, போக ஸ்குவிரல் ஹில் சுரங்கம் வழி. சுரங்க வாசலில் எல்லோரும் காரணமே இல்லாமல் பிரேக் போடுவார்கள், இடைவெளி விட்டுப் போ. பனி பெய்யாத ஞாயிறாகப் பார்த்துக்கொள்.

இன்று மாலை அந்த இரண்டாவது காரின் வின் எண்ணை (காரின் அடையாள எண்) அனுப்பு, கோளாறு என்று கம்பெனியே திரும்ப அழைத்த ரீகால் இருக்கிறதா என்று பார்க்கிறேன். பதினேழு எழுத்தும் வேண்டும். அதில் ஆங்கில 'ஓ' வராது, வட்டமாக இருந்தால் பூஜ்யம்.

அம்மா