உங்கள் ஐந்து மாடி வீட்டுப் பிள்ளைகள்

மதிப்பிற்குரிய நிகிதா செர்கேயிவிச் குருஷேவ் அவர்களுக்கு,

சோவியத் ஒன்றியத்தையே ஆண்ட நீங்கள் 1971-இல் இறந்தபோது, கட்சிப் பத்திரிகை 'பிராவ்தா' ஒரு துண்டுச் செய்தியோடு முடித்துக்கொண்டது. அதற்கப்புறம் உங்கள் ஐந்து மாடிக் கட்டடங்களில் என்ன நடந்தது என்று யாராவது உங்களுக்குச் சொல்ல வேண்டாமா?

வீட்டுப் பஞ்சத்தைத் தீர்க்க 1957-இல் போட்ட தீர்மானத்துக்குப் பின் நீங்கள் கட்டித்தள்ளிய வீடுகளை அழகு என்று சொல்ல மாட்டேன். லிஃப்ட் கிடையாது, சுவர் மெலிசு, சமையலறை 5, 6 சதுர மீட்டர். ஆனால் அதுவரை ஒரே சமையலறையில் பல குடும்பங்கள் முட்டிமோதிக்கொண்டிருந்தன. தனிக் கதவும் தனி அடுப்பும் கொடுத்தீர்களே, அதற்கே உங்களைக் கும்பிடலாம். (1956-இல் ஹங்கேரி எழுச்சியை டாங்கி அனுப்பி நசுக்கிய விவகாரத்தை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.)

1980-களில் அங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு நாலு கட்டடத்துக்கு நடுவே இருந்த முற்றம்தான் உலகம். அப்பா, அம்மா இருவரும் வேலைக்குப் போய்விடுவார்கள். பிள்ளையின் கழுத்தில் கயிற்றில் வீட்டுச் சாவி தொங்கும். பையன்கள் இரும்பு கராஜ் கூரைகளில் தாவினார்கள், பெண்கள் எலாஸ்டிக் கட்டிக் குதித்தார்கள். வாசல் பெஞ்சுப் பாட்டிகளுக்குத் தெரியாமல் ஒரு பிள்ளையும் சிகரெட்டைத் தொட முடியாது.

1985-இல் புதிதாகத் தலைமைக்கு வந்த கோர்பச்சேவ் மதுவுக்குக் கெடுபிடி கொண்டுவந்தார். ஜனங்கள் சர்க்கரையை வாங்கி வீட்டிலேயே சாராயம் காய்ச்ச, கடையில் சர்க்கரை காணாமல் போய் கூப்பன் வந்தது. ஜாம் காய்ச்ச வழியில்லாத பாட்டிகள் பெஞ்சில் உட்கார்ந்து அரசாங்கத்தைத் திட்டினார்கள், அதுவும் சத்தமாக! பிள்ளைகளுக்கு அது புதுசு. 1988-இல் பள்ளிகளில் வரலாற்றுத் தேர்வையே ரத்து செய்துவிட்டார்கள். பாடப்புத்தகத்தில் இருப்பது பொய் என்று ஆன பிறகு எதைக் கேட்டு மார்க் போடுவது? 1964-இல் உங்களைப் பதவியிலிருந்து இறக்கியதிலிருந்து அச்சில் அரிதாகிப்போன உங்கள் பெயரும் அப்போதுதான் திரும்பி வந்தது.

1989 மே மாதம் மக்கள் பிரதிநிதிகள் காங்கிரஸ் என்ற புது நாடாளுமன்றத்தை டிவியில் நேரலையாகக் காட்டினார்கள். உங்கள் மெலிசுச் சுவர் வழியாகப் பக்கத்து வீட்டு டிவியிலும் அதே குரல்தான். அணுகுண்டுச் சோதனை வேண்டாம் என்றதற்காக 1961-இல் எல்லோர் முன்னிலையிலும் அதட்டினீர்களே, அந்த இயற்பியல் விஞ்ஞானி சகாரோவும் மேடையேறிப் பேசினார். அதே வருஷம் அலன் சுமாக் என்பவர் டிவியில் கையை அசைத்துத் தண்ணீரை மருந்தாக்குகிறேன் என்றார். அதையும் நம்பிப் பெட்டிக்கு முன்னால் ஜாடி ஜாடியாகத் தண்ணீர் வைத்தார்கள். பழைய நம்பிக்கை போன இடத்தில் எதுவும் வந்து உட்காரும் போலிருக்கிறது.

1991 ஜூலையில் வந்த சட்டத்தால் குடியிருந்த வீட்டையே சொந்தமாக்கிக்கொள்ள முடிந்தது. 1992-இல் விலைவாசி ஏறியதில் பாட்டிகளின் சேமிப்பு கரைந்தது. கட்டட வாசல்களுக்கு இரும்புக் கதவும் பூட்டும் வந்தன.

2017-இல் மாஸ்கோ நகர நிர்வாகம் உங்கள் கட்டடங்களை ஆயிரக்கணக்கில் இடிக்கப்போவதாக அறிவித்தது. பதிலுக்குப் புது அடுக்குமாடியில் வீடு தருகிறோம் என்றும் சொன்னது. வேண்டாம், எங்கள் வீட்டை எங்களைக் கேட்காமல் தொடாதே என்று அந்த மே மாதம் ஆயிரக்கணக்கானவர்கள் தெருவில் இறங்கினார்கள். கூட்டம் நடந்தது சகாரோவ் பெயரிலுள்ள சாலையில்.

இப்படிக்கு,
உங்களைப் படித்துவரும் ஒருவன்