பார்த்தேன், ஆனா பார்க்கலை

தங்கச்சிமடம்,
மே 20

அன்புள்ள சேது,

நலம், நலமறிய ஆவல். மரியாதை இதோட முடிஞ்சது, விஷயத்துக்கு வர்றேன்.

எட்டு மாசமா நீ ஏன் பேசலைன்னு பிரான்சிஸ் சொல்லிட்டான். ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுல உன் முகத்தை நேருக்கு நேர் பார்த்துட்டு, கண்டுக்காம போயிட்டேனாம். 'பென்ஷன் வாங்குறவருக்கு நம்மளையெல்லாம் கண்ணுக்குத் தெரியுமா'ன்னு நீ சொன்னதும் வந்து சேர்ந்துச்சு. மூக்கையூர் பனங்கிழங்கு விவகாரத்துக்கு அப்புறம் நீ கோவிச்சுக்கிட்டது இது ரெண்டாவது தடவை. அன்னைக்குத் தப்பு உன் மேல. அதை மறுபடியும் பதிவு பண்ணிக்கிறேன்.

நானும் ரோஷமாத்தான் இருந்தேன். பார்க்காத ஆளைப் பார்த்தேன்னு சொன்னா எப்படி ஒத்துக்கிறது? ஆனா போன வாரம் நடந்தது என் வாயை அடைச்சிருச்சு. பார்த்திருக்கேன்டா. கோவத்துல கடிதாசியை மடிச்சிராம மேல படி.

அக்கா மகள் ஜெனி சென்னையில உளவியல் படிக்கிறா, தெரியுமில்ல. லீவுக்கு வந்தப்ப அடிஸ்கேல் மாதிரி ஒரு கருவி கொண்டாந்தா. லேப்டாப் திரைக்குக் கீழ ஒட்டிக்கணும். நம்ம கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை முகத்து மேல விடுது. கருவிழியில அது ஒரு பொட்டா மின்னும். அந்தப் பொட்டுக்கும் கண் பாப்பாவுக்கும் நடுவுல உள்ள தூரம் எப்படி மாறுதுன்னு கேமரா பார்த்து, திரையில எந்த இடத்தைப் பார்க்கிறோம்னு கணக்குப் போட்டுருது. முதல்ல திண்ணையில வச்சா, ஒண்ணும் வேலைக்கு ஆகலை. நம்ம ஊர் வெயில்லயும் அதே அகச்சிவப்பு இருக்காம், அதுல கேமரா திணறிப் போச்சு. உள்ளே வந்து சன்னலுக்குப் பாயைக் கட்டித் தொங்கவிட்டோம். அம்மாவுக்கு இமை தொங்கிப் போனதால கருவி கண்ணையே கண்டுபிடிக்கலை. ரோசி 'கண்ணுல மை போட்டிருக்கேன், சரியா வராதாமே'ன்னு நைசா கழண்டுக்கிட்டா. கடைசியில நான்தான் அகப்பட்டேன். ஒன்பது புள்ளியை ஒண்ணு ஒண்ணா உத்துப் பார்க்கச் சொல்லிக் கருவியைப் பழக்குனா.

நாம வரி வரியா வழுக்கிக்கிட்டே படிக்கிறோம்னு முப்பது வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கேன். பொய். கண்ணு தாவுது. நொடிக்கு மூணு தாவல் போல. தாவுற நேரத்துல ஒண்ணும் தெரியாது, நிக்கிற இடத்துலதான் பார்வை. அதுலயும் கையை நீட்டினா கட்டைவிரல் நகம் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு இடம்தான் துல்லியமாத் தெரியும். நம்பலைன்னா சவரம் பண்றப்ப கண்ணாடியில உன் இடது கண்ணையும் வலது கண்ணையும் மாத்தி மாத்திப் பாரு. கண்ணு அசையறது உனக்குத் தெரியவே தெரியாது. பக்கத்துல நிக்கிறவனுக்குத் தெரியும்.

யார்புஸ்னு ஒரு ரஷ்யர் கண்விழி மேலயே குட்டித் தொப்பியை ஒட்டவச்சு இதையெல்லாம் அளந்திருக்கார். ஒரே ஓவியம், ஒரே ஆள். 'இவங்களுக்கு என்ன வயசு இருக்கும்'னு கேட்டா கண்ணு முகங்களுக்குப் போகுது. 'வசதியான குடும்பமா'ன்னு கேட்டா சாமான் சட்டுக்குப் போகுது. எதைத் தேடுறோமோ அங்கதான் கண்ணு. 1967-ல அவர் புத்தகம் இங்கிலீஷ்ல வந்திருக்கு.

மீன்பிடித் தடைக்காலம்கிறதால அண்ணனும் வீட்டுலதான் இருந்துச்சு. வெறும் கடல் படம் ஒண்ணைக் காட்டுனா. என் கண்ணு மேகம், பறவைன்னு ஊர் மேஞ்சிருக்கு. அண்ணன் கண்ணு நேரா இடது ஓரத்துல போய் உக்காந்துருச்சு. 'இங்ஙன தண்ணி கருத்துக் கெடக்கு, சூடை மீனு கெடக்கும்'னுச்சு. கருப்பு எங்க இருக்குன்னு எனக்கு இன்னும் பிடிபடலை. 'ஒரு ஆளை வச்சு ஒண்ணும் சொல்லக்கூடாது மாமா'ன்னு ஜெனி கண்டிச்சா. வாத்தியாருக்கே பாடம்.

இனிமேதான் விஷயம். மீன் ஏலம் நடக்கிற படம் ஒண்ணைப் போட்டு, 'கூடை எத்தனை, எண்ணுங்க'ன்னா. பதினேழு. சரியாச் சொன்னேன், பெருமையாவும் சொன்னேன். 'நடுவுல நிக்கிறது யாரு?'ன்னு கேட்டா. 'நடுவுல யாரும் நிக்கலையே'ன்னேன். திரும்பப் போட்டுக் காட்டுனா. எங்க அக்காடா! ஜெனியோட சொந்த அம்மா, கூடையை இடுப்புல வச்சுக்கிட்டு நேரா என்னையே பார்த்துக்கிட்டு நிக்கிறா. அதுக்கு மேல என் கண்ணு போன தடத்தை வரைஞ்சு காட்டுனா. அக்கா முகத்துல ரெண்டு தடவை நின்னிருக்கு.

எல்லாரும் சிரிச்சாங்க, அக்கா மட்டும் சிரிக்கலை.

அமெரிக்காவுல 2013-ல வந்த ஒரு ஆய்வை ஜெனி சொன்னா. நுரையீரல் ஸ்கேன்ல கட்டி தேடச் சொல்லி, படத்துக்குள்ள ஒரு கொரில்லாவை ஒட்டி வச்சிருக்காங்க. ஸ்கேன் பார்க்கிறதே தொழிலான 24 டாக்டர்கள்ல 20 பேருக்குத் தெரியலை. அந்த 20-ல 12 பேரோட பார்வை கொரில்லா மேலயே விழுந்திருக்கு. அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல நான் ராமேஸ்வரம் போர்டைத்தான் தேடிக்கிட்டிருந்தேன். நீ கொரில்லா.

'வேணும்னே போயிருக்கலாமே'ன்னு கேட்பே. கேளு. பார்வை எங்க விழுந்துச்சுன்னுதான் கருவி சொல்லும், மனசுல என்ன விழுந்துச்சுன்னு சொல்லாது. நீதான் நம்பணும்.

சேது, உன்கிட்ட விளையாடிட்டேன். ராத்திரியில இது வேற மாதிரி வருது. மார்ச் மாசம் ரோசிக்கு சர்க்கரை 300-ஐத் தாண்டியிருந்துச்சு. பக்கத்து வீட்டு அம்மா, 'என்ன இப்படி மெலிஞ்சு போயிட்டே, வளையல் முழங்கைக்கு ஏறுதே'ன்னு கேட்ட பிறகுதான் ஆஸ்பத்திரிக்கே போனோம். தினம் எனக்குச் சோறு போடுற கைடா அது. எத்தனை தடவை பார்த்திருப்பேன்! சோத்தைத் தேடியிருக்கேன், அதுல கல்லைத் தேடியிருக்கேன். இப்ப மாத்திரையில கட்டுக்குள்ள இருக்கு. ஆனா நான் அவளை உத்துப் பார்த்தா, 'என்ன, இன்னும் ஏதாவது நோவு தெரியுதா'ன்னு எரிஞ்சு விழறா. அதுவும் சரிதான்.

ஜூன் 14-ஓட தடை முடியுது. அண்ணன் கடலுக்குப் போயிட்டு வந்ததும் முதல் பாட்டுல கிடைக்கிற மீன்ல சீலா எடுத்து வைக்கச் சொல்லியிருக்கேன். வந்துட்டுப் போ. பிரான்சிஸையும் கூட்டிட்டு வா, பனங்கிழங்கு பேச்சை எடுக்கலை.

ஒண்ணு மட்டும் எழுதிப் போடு. அன்னைக்கு நீ என்ன சட்டை போட்டிருந்தே? படுத்துக்கிட்டு யோசிச்சு யோசிச்சுப் பார்க்கிறேன், வரமாட்டேங்குது.

உன்,
பீட்டர்