எங்கள் படகின் தையலை எங்களுக்குக் காட்டுங்கள்

அருங்காட்சியகப் படத் தொகுப்புப் பிரிவின் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். ஆங்கிலேய ஓவியர் ஜார்ஜ் சின்னரி வரைந்த சென்னைக் கடற்கரைக் கோட்டோவியம் பற்றி நான் எழுதிய 3 மின்னஞ்சல்களும் உங்களிடம் இருக்கும். நான் கேட்டது ஒன்றுதான்: அந்தப் படத்தின் பெரிய பிரதி. நேற்று வந்தது கட்டணப் பட்டியல்.

என் பெரியப்பாவுக்காகத்தான் கேட்டேன். வயது 84. மசூலாப் படகு தைத்த கை. சென்னையில் துறைமுகம் கட்டுமுன் கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்க, ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கரைசேர்த்த படகு அது. ஆணி கிடையாது. பலகையோடு பலகையைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைப்பார்கள். அலை அடித்தால் வளைந்து கொடுக்கும். இன்று எங்கள் குப்பத்தில் ஒன்றுகூட இல்லை.

நீங்கள் இணையத்தில் வைத்திருக்கும் சின்னப் படத்தைப் போனில் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "கயிறு குறுக்கால போவுதா, நேரா போவுதா? கிட்ட காட்டும்மா." விரலால் பெரிதாக்கினேன். தையல் இருக்கும் இடம் கட்டம் கட்டமாக உடைந்தது. அதன்மேல் உங்கள் வாட்டர்மார்க். ஒன்றும் சொல்லாமல் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சின்னரி 1802-இல் சென்னைக்கு வந்தார், 1807-இல் கல்கத்தா போனார், 1852-இல் சீனக் கடற்கரையிலுள்ள மக்காவ் நகரில் இறந்தார். இறந்து 170 ஆண்டுக்கு மேலாகிறது. இன்னும் எந்த உரிமைக்குப் பணம்? அந்தத் தொகையில் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு ஒரு மாத மளிகை வந்துவிடும். படத்தின் கீழே "உள்ளூர்வாசிகள், படகுடன்" என்று மட்டும் போட்டிருக்கிறீர்கள். படகின் பெயர்கூட இல்லை. இன்றும் குப்பத்துக்கு வந்து எங்களைப் படமெடுத்துப் போகிறவர்கள் யாரும் ஒரு பிரதி அனுப்புவதில்லை. பார்க்கப்படுவது மட்டும்தான் எங்கள் வேலையா?

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். 1785-86-இல் இலங்கையில் யான் பிராண்டஸ் என்ற டச்சுப் பாதிரியார் வரைந்தவற்றை ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ள விட்டிருக்கிறது. உங்களாலும் முடியும்.

தயவுசெய்து அந்தப் படத்தை முழு அளவில், வாட்டர்மார்க் இல்லாமல், இலவசமாகத் திறந்துவிடுங்கள். கீழே "மசூலாப் படகு" என்று எழுதுங்கள்.

பெரியப்பாவுக்கு ஒரு கண்ணில் புரை முற்றிவிட்டது. மற்றக் கண் தெரியும்போதே கிடைத்தால் நல்லது.

இப்படிக்கு,
படகு தைத்தவர் வீட்டுப் பெண்