அட்வான்ஸ் கொடுத்தவரைக் காணோம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காவேரிப்பட்டணத்தில் அப்பா கட்டிய வீட்டை விற்கப் போய் ஒன்றரை வருடமாக முழித்துக்கொண்டிருக்கிறேன். ஓசூரில் வேலை பார்க்கும் ஒருவர் 2 லட்சம் அட்வான்ஸ் கொடுத்தார், 6 மாதக் கெடு வைத்து கிரய ஒப்பந்தத்தை முறைப்படி பதிவும் செய்தோம், அப்புறம் ஆளையே காணோம். போன் அடித்தால் எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழுகிறது. பணம் புரளவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் நான் என்ன சண்டைக்கா போகப் போகிறேன்?

சிக்கல் என்னவென்றால், பதிந்த ஒப்பந்தம், வீட்டின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றில் ஏறி நிற்கிறது, அதைப் பார்த்ததுமே அடுத்து வீடு கேட்டு வருகிறவர் நழுவிவிடுகிறார். ரத்துப் பத்திரம் போட அவரும் வந்து கையெழுத்துப் போட வேண்டும். கெடு முடிந்த நாளிலிருந்து 3 வருடம் வரை அவர் வழக்குப் போடக் காலவரையறைச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்கிறார் வக்கீல். நோட்டீஸ் அனுப்பினோம். ஒப்புகை அட்டை கையெழுத்தோடு திரும்பி வந்தது, பதில்தான் வரவில்லை.

கோர்ட்டுக்குப் போ என்கிறார்கள். சரி, போகலாம், ஆனால் வீடு விற்பதே தங்கை கல்யாணக் கடனை அடைக்கத்தான், வட்டி காத்திருக்குமா? கெடு தாண்டிய ஒப்பந்தங்களில் வாங்குபவருக்குப் பதிவுத்துறையே நோட்டீஸ் அனுப்பி, குறித்த நாளுக்குள் பதில் இல்லையென்றால், பதில் வரவில்லை என்பதை வில்லங்கச் சான்றில் ஒரு குறிப்பாக ஏற்ற வழி செய்யட்டும்.

ஒரு வாசகர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.