மூணாறு ஞாயிறு வகுப்புக்குத் துணை நின்றோர்க்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

மூணாறைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களின் லயத்து வீடுகளிலிருந்து (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) வரும் எங்கள் மாணவியர், இணையப்பக்க வடிவமைப்பும் நிரலாக்கமும் பயின்று இவ்வாண்டு வகுப்பை நல்லபடியாக முடித்திருக்கிறார்கள். இதற்கு உதவிய அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

முதல் நன்றி தாய்மார்களுக்கு. வாரம் முழுவதும் கொழுந்து கிள்ளும் அவர்களுக்குத் துணி துவைக்கவும் விறகு சேர்க்கவும் கிடைப்பது ஞாயிறு ஒன்றுதான். வீட்டுவேலைக்கு உதவும் மகளை அந்த நாளில் வகுப்புக்கு அனுப்புவது எளிய காரியமன்று. 2015 செப்டம்பரில் போனஸ் கேட்டு மூணாறு சாலையில் அமர்ந்த பெண்களில் சிலர் இன்று எங்கள் மாணவியரின் அம்மாக்கள்.

ஜீப் ஓட்டும் அண்ணன்மாருக்கும் நாங்கள் மிகவும் கடமைப்பட்டிருக்கிறோம். மழைக்காலத்தில் மாலையிலேயே பனி மூடிவிடும் மலைப்பாதையில், வகுப்பு முடியும்வரை காத்திருந்து, ஒவ்வொரு பிள்ளையையும் லயத்து வாசலில் இறக்கிவிட்டுச் சென்றார்கள். கணினி இல்லாததைக் காட்டிலும், பத்திரமாக வீடு திரும்ப வழியில்லாததே எங்கள் பெண்பிள்ளைகளின் படிப்பைப் பெரிதும் தடுக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

கொச்சி இன்ஃபோபார்க், திருவனந்தபுரம் டெக்னோபார்க் ஆகிய தகவல் தொழில்நுட்ப வளாகங்களில் வேலை பார்த்துக்கொண்டே, இரவுப் பேருந்தில் மலையேறி வந்து பாடம் நடத்திய தங்கைகளை என்னவென்று பாராட்டுவது! அவர்களும் இந்த லயங்களில் வளர்ந்தவர்களே. விடையைச் சொல்லிவிடாமல் தேட வைத்ததுதான் அவர்கள் செய்த பேருதவி.

அடிப்படை அளவுக்கு மேல் கிள்ளும் கொழுந்துக்குக் கூடுதல் கூலி உண்டு என்பதால், அன்றாட நிறுவையைக் குறித்துவைக்கும் ஓர் இணையப்பக்கத்தை மாணவியர் தம் அம்மாக்களுக்காக உருவாக்கினார்கள். தோட்டத்தில் சிக்னல் கிடைக்காதபோதும் கணக்கு உலாவியிலேயே சேமிக்கப்பட்டுவிடும். அதில் பெயரின் முதலெழுத்தை ஒரு வட்டத்துக்குள் காட்ட முயன்றபோது, 'செல்வி' என்று பதிந்தால் 'ச' மட்டுமே வந்தது. கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் முறையான யூனிகோடு, 'ச' போன்ற அகரமேறிய எழுத்தையும் உயிர்க்குறியையும் புள்ளியையும் தனித்தனிக் குறியீடுகளாக வைக்கிறது என்பதையும், அதனால் இந்த மூன்றெழுத்துப் பெயரை இணையப்பக்க நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட் ஆறாக எண்ணுகிறது என்பதையும் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி தானே கண்டறிந்து, எழுத்துகளைச் சரியாகப் பிரித்துத் தரும் 'இன்டல் செக்மென்டர்' (Intl.Segmenter) என்னும் ஜாவாஸ்கிரிப்ட் வசதியைக் கொண்டு அதைச் சரிசெய்தாள். அன்று வகுப்பு முழுவதும் கைதட்டியது.

கேரளப் பள்ளிகளில், எவரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமையுள்ள கட்டற்ற மென்பொருள் புழங்குவதால், எங்கள் பிள்ளைகளுக்கு அவ்வகை இயங்குதளமான லினக்ஸ் புதிதாக இருக்கவில்லை. அந்த அடித்தளத்தை இட்ட பள்ளி ஆசிரியர்களுக்கும், பழைய மடிக்கணினிகளைப் பேட்டரி மாற்றிக் கொடுத்த அன்பர்களுக்கும் நன்றி. ஓண விடுமுறைக்குப் பின் தொடங்கும் அடுத்த வகுப்புக்கும் தம் மேல்மாடி அறையை வாடகையின்றித் தர முன்வந்துள்ள நூலகத்தாருக்கு எங்கள் சிறப்பு நன்றி உரித்தாகுக.

இப்படிக்கு,
வகுப்பு ஒருங்கிணைப்பாளர்,
மூணாறு